ஜீரோ டர்ன் புல்வெட்டும் வண்டியில் ஸ்பிண்டில் பேரிங் மாற்றுவது எப்படி?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் பெரிய கல்லூரி வளாகம், மில் குடியிருப்பு, பொள்ளாச்சித் தோப்புகளுக்குள் இருக்கும் ரிசார்ட் என்று புல்தரை ஏக்கர் கணக்கில் இருக்கும் இடங்களில் இப்போது ஜீரோ டர்ன் வண்டியைப் பார்க்க முடிகிறது. ஸ்டீயரிங் இல்லாமல் இரண்டு லீவரை வைத்தே நின்ற இடத்தில் திரும்பும் வண்டி. ஒழுங்காக ஆயில் மாற்றினால் இதன் என்ஜின் லேசில் படுக்காது. அடிவாங்குவதெல்லாம் பிளேடுகளை மூடியபடி கீழே தொங்கும் தகட்டுக் கூடு, அதாவது டெக்தான். அதிலும் பிளேடைச் சுழற்றும் ஸ்பிண்டில்.

ஸ்பிண்டிலில் சத்தம் வந்ததும் முழு அசெம்ப்ளியாக மாற்றச் சொல்வார்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும், பாகம் வந்து சேர நாளும் பிடிக்கும். உள்ளே தேய்ந்திருப்பது பெரும்பாலும் சில நூறு ரூபாய் பேரிங் இரண்டு மட்டுமே. மோட்டார் பம்பும் தறியும் ரிக் வண்டியும் ஓடுகிற ஊர் நம்முடையது. பேரிங் கடையும் லேத் பட்டறையும் இல்லாத டவுன் இங்கே இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் நிதானமாகச் செய்தால் ஒரே நாளில் முடிக்கலாம். ஆனால் பேரிங்கைக் கழற்றி மாட்டுவது பாதி வேலைதான். பழையது ஏன் போனது என்று கண்டுபிடிப்பது மீதிப் பாதி. அதை விட்டுவிட்டால் அடுத்த சீசனில் அதே ஸ்பிண்டிலைத் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும்.

முதலில், போனது ஸ்பிண்டில்தானா?

டெக்கில் பொதுவாக மூன்று பிளேடு இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஷாஃப்ட்டின் கீழ்முனையில் மாட்டியிருக்கும், மேல்முனையில் புல்லி. ஷாஃப்ட்டைத் தாங்குவது ஒரு வார்ப்பு ஹவுசிங், அதற்குள் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பேரிங். பிளேடு ஓடும்போது நிமிடத்துக்கு 3000 சுற்றுக்கு மேல் போகும். பெல்ட் பக்கவாட்டில் இழுக்கும் இழுப்பு மேல் பேரிங்குக்கு. கல்லிலும் மட்டையிலும் பிளேடு மோதும் அடி கீழ் பேரிங்குக்கு. மண்ணும் ஈரப்புல்லும் அப்புவதும் கீழேதான். அதனால் பெரும்பாலும் முதலில் போவது கீழ் பேரிங்.

பிளேடைப் போட்டதும் டெக்கிலிருந்து "கர்ர்" என்று அரைக்கிற சத்தம் வரும். வெட்டிய புல்லில் ஒரு பக்கம் மட்டும் படிபோல் ஏற்ற இறக்கம் தெரியும். சத்தத்தை மட்டும் நம்பி ஸ்பிண்டிலைக் கழற்றிவிடக் கூடாது. பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் புல்லியிலும் ஒரு சின்ன பேரிங் இருக்கிறது, அது போனாலும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான். என்ஜின் அடியில் இருக்கும் கிளட்ச் பேரிங்கும் அப்படியே.

பிரித்தறிய ஒரே வழி, அடுத்த பகுதியில் சொல்லும் பாதுகாப்பு ஏற்பாடுகளை முடித்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கையால் சுற்றிப் பார்ப்பது. நல்ல பேரிங் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும். போன பேரிங்கில் மணல் நெரிபடுவது விரலுக்கே தெரியும். அடுத்து, கையுறை போட்டுக்கொண்டு பிளேடின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஸ்பிண்டிலில் 'டக் டக்' என்று ப்ளே தெரிந்தால் பேரிங் போய்விட்டது. பிளேடு மட்டும் லூசாக ஆடினால் முதலில் பிளேடு போல்ட்டை இறுக்கிவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஹவுசிங்கின் அடியில் சிவப்புத் துருநீர் வழிந்த கோடு இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

கை வைப்பதற்கு முன்

வண்டியைச் சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்கள், இரண்டு சிலிண்டர் என்றால் இரண்டையும். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள். பிளேடைக் கையால் சுற்றும்போது தற்செயலாக எதுவும் இயங்க வழியே இருக்கக் கூடாது.

வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கியதும் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி ஸ்டாண்டாக வைக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும், வேண்டவே வேண்டாம்.

டெக்கை முழுதாகக் கழற்றி வெளியே இழுத்துவிடுவதே என் சிபாரிசு. டெக்கைத் தாழ்த்தி, பெல்ட்டைக் கழற்றி, தாங்கும் பின்களை எடுத்தால் பெரும்பாலான வண்டிகளில் பக்கவாட்டில் உருவிவிடலாம். அரை மணி நேரம் கூடுதலாகப் போகும். ஆனால் நிமிர்ந்து நின்று, வெளிச்சத்தில், டெக்கைத் திருப்பிப் போட்டு வேலை செய்யலாம்.

கழற்றுவது

பெல்ட்டைத் தொடுவதற்கு முன் அது எந்தப் புல்லிக்கு எந்தப் பக்கமாகப் போகிறது என்று போனில் இரண்டு மூன்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐட்லர் ஸ்பிரிங் நல்ல இழுவிசையில் இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தெறித்து முகத்துக்கு வரும். பல டெக்குகளில் ஐட்லர் கையிலேயே ஒரு சதுரத் துளை விட்டிருப்பார்கள். அதில் ராட்செட் கைப்பிடியை நுழைத்து மெல்லச் சாய்த்தால் பெல்ட் தானாகத் தளரும்.

அடுத்து பிளேடு. பிளேடுக்கும் டெக் சுவருக்கும் இடையில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, நீளக் கைப்பிடி போட்டு போல்ட்டைத் திருப்புங்கள். பெரும்பாலும் வழக்கமான வலது மரைதான். முழுபலத்தைப் போட்டும் அசையவில்லை என்றால் இடது மரையா என்று வண்டியின் மேனுவலைப் பார்த்துவிடுங்கள். வாஷர்கள் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதையும் படமெடுங்கள்.

மேலே புல்லி நட்டைக் கழற்றி, புல்லியை உருவுங்கள். புல்லி ஷாஃப்ட்டில் வழுக்காமல் பூட்டும் சின்னச் சாவித்துண்டு (கீ) ஒன்று ஷாஃப்ட்டில் இருக்கலாம், அது புல்லுக்குள் விழுந்தால் தேடுவது கஷ்டம். துருப்பிடித்து வராவிட்டால் துரு இளக்கும் ஆயிலை அடித்து ஒரு டீ குடித்துவிட்டு வந்து, இரண்டு கால் புல்லர் போட்டு இழுங்கள். புல்லியின் விளிம்பில் நெம்பினால் அது கோணிவிடும், பிறகு பெல்ட்டைத் தின்றுகொண்டே இருக்கும்.

ஹவுசிங்கை டெக்கோடு பிடித்திருக்கும் நாலு அல்லது ஆறு போல்ட்டை எடுத்தால் ஸ்பிண்டில் முழுதாகக் கையில் வரும். இந்த இடத்தில் டெக் தகட்டை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். போல்ட் ஓட்டையிலிருந்து வெடிப்பு ஓடியிருந்தால் வெல்டிங் பட்டறையில் பட்டை வைத்து ஒட்டிய பிறகுதான் மேற்கொண்டு வேலை.

ஷாஃப்ட்டை வெளியே எடுக்க, மேல் நட்டை மரையின் நுனிக்குச் சமமாகத் திருகி வைத்துவிட்டு, பித்தளை ராடு வைத்துத் தட்டுங்கள். நட் இல்லாமல் ஷாஃப்ட் நுனியில் சுத்தியலால் அடித்தால் மரை விரிந்துவிடும். ஷாஃப்ட் வந்த பிறகு, இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டு இருக்கும். அதுதான் ஸ்பேசர், பட்டறைகளில் டிஸ்டன்ஸ் பீஸ் என்பார்கள். அதைச் சற்றே ஒருபுறம் ஒதுக்கி, பித்தளை ராடை எதிர்ப்பக்க பேரிங்கின் உள்வளையத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினால் பேரிங் இறங்கிவரும். பேரிங் நகராமல் பிடிக்கும் வளையக் கிளிப், அதாவது சர்க்லிப் இருந்தால் அதை முதலில் எடுத்துவிட வேண்டும். வெளியே வந்த பேரிங்கை எக்காரணம் கொண்டும் திரும்பப் போடக் கூடாது. உள்வளையத்தில் அடித்து எடுத்ததால் அது கழிவுதான்.

பழைய பேரிங் சொல்வது

பழைய இரண்டையும் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எது மேல், எது கீழ் என்று மார்க் செய்து, பேரிங்கின் பக்கத்தை மூடியிருக்கும் சீலை ஊசியால் நெம்பி எடுத்து உள்ளே பாருங்கள்.

உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் செங்கல் நிறத்தில் துருக்குழம்பு இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. நம் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். வண்டியை வாரம் ஒருமுறை வாட்டர் சர்வீஸுக்கு விட்டு, பிரஷர் கன்னை ஸ்பிண்டிலுக்கு நேராகப் பிடித்து அடிப்பார்கள். லாரி சேஸிஸில் ஒட்டிய சேற்றைப் பெயர்க்கிற அழுத்தம் அது. ரப்பர் சீலின் மெல்லிய உதட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும், ஆனால் வெளியே வர வழி இல்லை. போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். டெக்கின் அடியை மரக்கட்டையால் சுரண்டி, காற்றடித்துச் சுத்தம் செய்தாலே போதும். தண்ணீர்தான் விட வேண்டும் என்றால் சாதாரணக் குழாய்த் தண்ணீரை விட்டு, பிளேடைச் சில நிமிடம் ஓட்டிக் காயவைத்துவிடுங்கள்.

உள்வளையம் நீலமாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் சூடேறியிருக்கிறது. கிரீஸ் வற்றியிருக்கலாம், ஸ்பேசர் இல்லாமலோ குறைந்தோ நட் இறுக்கப்பட்டிருக்கலாம். கீழ் சீலைச் சுற்றி நார் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். தென்னந்தோப்பை ஒட்டி ஓடும் வண்டிகளில் பன்னாடை நாரும், அறுந்த சொட்டுநீர் டியூபும், உரச் சாக்கின் பிளாஸ்டிக் நூலும் ஷாஃப்ட்டில் சுற்றி, உருகி, சீலை அறுத்துவிட்டிருக்கும்.

குண்டுகள் ஓடும் தடத்தில் சம இடைவெளியில் குழி குழியாகத் தெரிந்தால் பலத்த அடி. பிளேடு கல்லில் மோதியிருக்கலாம், அல்லது முன்பு மாட்டியவர் சுத்தியலால் அடித்து மாட்டியிருக்கலாம். கல்லில் மோதியிருந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கவும் வாய்ப்புண்டு. லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவில் பிடித்து டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்து "நேராத்தான் இருக்குதுங்க" என்று விட்டுவிட வேண்டாம்.

பேரிங்கின் வெளிவளையம் வெளிப்புறத்தில் கண்ணாடிபோல் மின்னினால், பேரிங் ஹவுசிங்குக்குள்ளேயே சுற்றியிருக்கிறது என்று பொருள். ஹவுசிங் துளை பெரிதாகிவிட்டது. இதில் புதுப் பேரிங்கைப் போட்டால் கை அழுத்தத்திலேயே உள்ளே விழும், ஓடிய சில நாளில் திரும்பச் சத்தம் வரும். தேய்மானம் மிகக் குறைவு என்றால் பேரிங் ஒட்டுவதற்கென்றே விற்கும் ரிட்டெய்னிங் காம்பவுண்ட் போதும். அதிகம் என்றால் லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, புஷ் போட்டு, பேரிங் அளவுக்கு போர் அடித்துத் தருவார்கள். புது ஹவுசிங்கின் விலையில் ஒரு பங்குதான் ஆகும். கோவையில் கணபதியிலோ பீளமேட்டிலோ பம்பு வேலை பார்த்துப் பழகிய ஒரு டர்னருக்கு இதெல்லாம் தினசரி வேலை.

பேரிங் வாங்குவது

பழைய பேரிங்கின் சீலிலோ வளையத்திலோ எண் இருக்கும். புல்வெட்டிகளில் அதிகம் வருவது 6203, 6204, 6205. இந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது. கடைசி இரண்டு இலக்கம் 04-லிருந்து மேலே என்றால் அதை 5-ஆல் பெருக்கினால் உள்துளை மி.மீ.யில் கிடைத்துவிடும்: 6204 என்றால் 20, 6205 என்றால் 25. 03 மட்டும் இந்தக் கணக்கில் வராது, அது 17 மி.மீ. 6203, 6204, 6205 வரிசையில் வெளிவிட்டம் 40, 47, 52 மி.மீ.; தடிமன் 12, 14, 15 மி.மீ.

புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். அமெரிக்க வண்டிகள் சிலவற்றில் ஷாஃப்ட் அங்குலக் கணக்கில் இருக்கும். வெளியளவு 6203-க்கு உரிய 40 மி.மீ.யாகவே இருக்கும், உள்துளை மட்டும் 5/8 அங்குலம், அதாவது 15.875 மி.மீ. கடையில் "6203 கொடுங்க" என்று வாங்கிவந்த 17 மி.மீ. பேரிங் இந்த ஷாஃப்ட்டில் கடகடவென்று ஆடும். அதேபோல் 3/4 அங்குலம் என்றால் 19.05 மி.மீ., 1 அங்குலம் என்றால் 25.4 மி.மீ. எண்ணை மட்டும் நம்பாமல் ஷாஃப்ட்டை வெர்னியரில் அளந்து குறித்துக்கொண்டு, பழைய பேரிங்கையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துகளும் முக்கியம். ZZ என்றால் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு, அது உள்வளையத்தைத் தொடாது, தூசியும் தண்ணீரும் இடுக்கில் போய்விடும். புல்வெட்டிக்கு இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்ததுதான் வேண்டும். எஸ்கேஎஃப் கம்பெனி அதை 2RS என்று தொடங்கும் குறியால் (2RS1, 2RSH) போடும், என்டிஎன் LLU என்றும் என்எஸ்கே DDU என்றும் போடும். மூன்றும் ஒன்றே. C3 என்பது உள்ளே குண்டுகளுக்கான இடைவெளி சற்றுக் கூடுதல் என்ற குறி; பழையதில் C3 என்று இருந்தால் புதிதிலும் C3 இருக்க வேண்டும். எஸ்கேஎஃப், என்பிசி போன்ற பெயர்களில் போலிகளும் சந்தையில் வருவதால் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில் போட்டு வாங்குங்கள். ஒரு பேரிங் மட்டும் போயிருந்தாலும் மேலும் கீழும் சேர்த்தே மாற்றுங்கள். சில கனரக வண்டிகளில் குண்டு பேரிங்குக்குப் பதில் டேப்பர் பேரிங்கும் ஆயில் சீலும் வரும். அதன் செட்டிங் வேறு, இங்கே சொல்லும் முறை அதற்குப் பொருந்தாது.

மாட்டுவது

ஹவுசிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, துளையை நைசான எம்ரி பேப்பரால் லேசாகத் தேய்த்துத் துரு எடுங்கள். துடைப்பதற்குப் பட்டறையில் கைக்குக் கிடைப்பது பனியன் வேஸ்ட்தான். அதில் நூல் பிரிந்து வரும், ஒரு இழை பேரிங் உட்காரும் படியில் ஒட்டினாலும் பேரிங் சாய்ந்து உட்காரும். கடைசித் துடைப்பு மட்டும் பிசிறு விடாத காட்டன் துணியால் செய்யுங்கள், பிறகு விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

இந்த வேலை முழுவதற்கும் ஒரே விதி. கோவையில் ஒரு பிரஸ் பட்டறையில் மூத்த ஃபிட்டர் ஒருவர், புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது: "கண்ணு, எந்த வளையம் இறுக்கமாப் போகோணுமோ அதுல மட்டும் அழுத்து. குண்டு மேல பாரம் ஏறக் கூடாது." ஹவுசிங்குக்குள் போகும்போது இறுக்கம் வெளிவளையத்தில், அதனால் வெளிவளையத்தைத்தான் அழுத்த வேண்டும். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தை. மாற்றி அழுத்தினால் முழு பலமும் குண்டுகள் வழியாகப் போய்த் தடத்தில் குழி விழும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முதல் நாளிலிருந்தே சத்தம் இருக்கும்.

ஹவுசிங் அலுமினியம் என்றால் ஒரு சுலபமான வழி உண்டு. பேரிங்கைக் காற்றுப் புகாத கவரில் போட்டு முந்தைய இரவே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். காலையில் கிரீஸ் நிப்பிளைக் கழற்றிவிட்டு, சுத்தமான ஹவுசிங்கை ஹாட் ஏர் கன்னால் சீராகச் சூடேற்றுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் 'சுர்ர்' என்று ஆவியாகும் சூடு போதும். அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும். 52 மி.மீ. துளை 80 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 0.1 மி.மீ. பெரிதாகும். அந்த நேரத்தில் குளிர்ந்த பேரிங்கை நேராகப் பிடித்து விட்டால் 'டொக்' என்று தானாக உட்காரும். கேஸ் வெல்டிங் தீயை மட்டும் காட்டாதீர்கள், ஒரே இடம் சூடேறி ஹவுசிங் கோணிவிடும்.

சூடேற்ற வசதி இல்லை என்றால் ஹார்டுவேர் கடையில் ஒரு ஸ்டட் ராடும் இரண்டு நட்டும் கனமான வாஷரும் வாங்குங்கள். பழைய பேரிங்கின் வெளிவளையத்தைச் சுற்றிலும் கிரைண்டரில் கொஞ்சம் தேய்த்துவிட்டால், புதுப் பேரிங்கின் வெளிவளையத்தை மட்டும் தள்ளும் அருமையான கருவி அது. துளைக்குள் சிக்கிக்கொள்ளவும் செய்யாது. ராடை நடுவில் விட்டு நட்டை மெல்ல இறுக்கினால் பேரிங் நேராக இறங்கும்.

கீழ் பேரிங்கை முதலில் படி வரை இறக்குங்கள். பிறகு ஸ்பேசர். மறந்துவிட்டால் எல்லாம் வீண், ஆகவே ஸ்பேசரை மேசையில் பேரிங்குக்குப் பக்கத்திலேயே வைத்திருங்கள். அதன் இரண்டு முனையும் தேயாமல் சமமாக இருக்க வேண்டும். மேல் நட்டை இறுக்கும்போது அந்த அழுத்தம் முழுவதும் உள்வளையம், ஸ்பேசர், அடுத்த உள்வளையம் என்ற வழியில் போக வேண்டும். ஸ்பேசர் இல்லாவிட்டால் இரண்டு உள்வளையங்களும் ஒன்றை நோக்கி ஒன்று இழுபட்டுக் குண்டுகள் நசுங்கும். மேல் பேரிங்கை இறக்கியதும் ஷாஃப்ட்டை விட்டு, புல்லி மாட்டி, நட்டை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் இறுக்கிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். இறுக்கும் முன் லேசாகச் சுற்றியது இறுக்கிய பின் கனமானால், ஸ்பேசர் குறைவு அல்லது ஒரு பேரிங் முழுதாக உட்காரவில்லை. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று விடாமல் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

கிரீஸ் நிப்பிள் பற்றி ஒரு வார்த்தை. ஹவுசிங்கில் நிப்பிள் இருந்தாலும் இரண்டு பக்கமும் சீல் வைத்த பேரிங் போட்டால் அந்த கிரீஸ் குண்டுகளுக்குப் போகாது. நிப்பிள் வைத்த வண்டி என்றால் பேரிங்கின் உள்பக்கம், அதாவது ஸ்பேசரைப் பார்க்கும் பக்கத்துச் சீலை மட்டும் எடுத்துவிட்டு மாட்டலாம். ஆனால் அதன் பிறகு கிரீஸ் கன்னைப் பலமாக அழுத்தக் கூடாது, வெளிப்பக்கச் சீல் பிதுங்கிவிடும். நிப்பிள் இல்லாத ஸ்பிண்டிலில் சீலைத் தொடவே வேண்டாம்.

திரும்பப் பூட்டி ஓட்டிப் பார்ப்பது

ஹவுசிங் போல்ட்டுகளைக் கையால் தொடங்கி, பழைய மரையிலேயே போகிறதா என்று உணர்ந்த பிறகு ஸ்பேனர் போடுங்கள். அலுமினியத்தில் குறுக்கே ஏறினால் மரை போய்விடும். பிளேடின் வளைந்த சிறகு டெக்கைப் பார்த்து மேல்நோக்கி இருக்க வேண்டும். குழிவான ஸ்பிரிங் வாஷர் இருந்தால் அதன் குவிந்த பக்கம் போல்ட் தலையைப் பார்க்கும். கழற்றும்போது எடுத்த படத்தோடு ஒத்துப் பாருங்கள். சாணை பிடித்த பிளேடை மாட்டுவதற்கு முன் நடுத்துளையை ஓர் ஆணியில் தொங்கவிட்டு, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். சமநிலை இல்லாத பிளேடு புதுப் பேரிங்கை ஒரே சீசனில் தின்றுவிடும்.

டெக்கை வண்டியில் மாட்டி, பெல்ட் போட்டு, பேட்டரி, பிளக் வயர் இணைத்து, சுற்றிலும் ஆள் இல்லாத இடத்தில் பிளேடை ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, பிளேடு முழுதாக நின்ற பிறகு மூன்று ஸ்பிண்டில் ஹவுசிங்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். மூன்றும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். புதிது மட்டும் கை வைக்க முடியாமல் கொதித்தால் ஸ்பேசரையும் நட்டின் இறுக்கத்தையும் திரும்பப் பாருங்கள்.

முதல் சில மணி நேரப் புல்வெட்டு முடிந்ததும் பிளேடு போல்ட், புல்லி நட், ஹவுசிங் போல்ட் மூன்றையும் ஒருமுறை டார்க் ரெஞ்சில் சோதியுங்கள். எந்த ஸ்பிண்டிலில், எந்த எண் பேரிங், எந்தத் தேதியில் மாற்றினீர்கள் என்பதை பெயின்ட் மார்க்கரால் பெல்ட் மூடியின் உட்புறத்தில் எழுதிவிடுங்கள். அடுத்து அந்த மூடியைத் திறப்பவர் வெர்னியரைத் தேட வேண்டியிருக்காது.